அப்ரைசல் படிவத்தில் ஒரே ஒரு இலக்கு: எதை எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஏழு வருடமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். பர்ச்சேஸ் பில், ஜாப் ஒர்க் பில் பதிவது, மாதாமாதம் ஜி.எஸ்.டி. 2பியை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. போர்ட்டல் தரும் பட்டியல்) எங்கள் கணக்கோடு ஒப்பிடுவது, ஏற்றுமதிக்கான ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்கு ஆடிட்டர் ஆபீஸ் கேட்கும் பேப்பர்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. 14-ம் தேதியிலிருந்து 20 வரை வீடு போய்ச் சேர இரவு ஒன்பது மணியாகிவிடும். இந்த வருடம் அப்ரைசல் படிவத்தில் ‘வளர்ச்சி இலக்கு’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். நான் ஐந்து எழுதினேன்: ஸ்போக்கன் இங்கிலீஷ், சி.எம்.ஏ. இன்டர் (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் நடுக்கட்டம்), எக்செலும் பவர் பி.ஐ.யும் (டாஷ்போர்டு தயாரிக்கும் மென்பொருள்), ரீஃபண்ட் வேலையை முழுசாகக் கற்பது, டீம் லீடர் ஆவது. மேனேஜர், “அஞ்சும் வேண்டாம், ஒண்ணு மட்டும் எழுதிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த பையன் எக்செலில் படுவேகம். அவன் என்னைத் தாண்டிப் போய்விடுவானோ என்றும் இருக்கிறது. ஒரு கோச்சிங் சென்டரில் ஜி.எஸ்.டி., டேலி, பவர் பி.ஐ. மூன்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? எதை முதலில் எடுப்பது?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்பூர்

பதில்: 2பி ஒப்பீட்டை எழுதுங்கள். உங்கள் ஐந்தில் அது இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: “14-ம் தேதியிலிருந்து 20 வரை இரவு ஒன்பது மணி.” மாதத்தில் ஒரு வாரத்தை விழுங்குகிற வேலை அது. கம்பெனியின் பணம் சிக்கிக்கொள்ளும் இடமும் அதுதான். அதை விட்டுவிட்டு வேறெங்கோ இலக்கு தேடியிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ‘எனக்கு என்ன தெரியாது’ என்று பட்டியல் போட்டால் இங்கிலீஷும் பவர் பி.ஐ.யும்தான் வரும். ‘என் மேசையில் எது தினம் இடிக்கிறது’ என்று போட்டால் பட்டியலே வேறு.

ஐந்தும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் பாருங்கள். சி.எம்.ஏ. ஒரு பரீட்சை. டீம் லீடர் ஒரு பதவி, அது உங்கள் கையில் இல்லை. இங்கிலீஷ் ஒரு திறமை. எக்செல் ஒரு கருவி. ரீஃபண்ட் ஒன்றுதான் நேராக ஒரு வேலை. ஐந்தையும் ஒன்றாக வைத்து எது பெரியது, எது முக்கியம் என்று யோசித்தால் முடிவே வராது. முதல் இலக்குக்கு மூன்று விஷயம் பார்த்தால் போதும். அந்த வேலை இப்போதே உங்களிடம் இருக்கிறதா? தப்பினால் பணமோ நாளோ போகிறதா? மூன்று மாதத்துக்குள் மேனேஜர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது மாறுமா? 2பி மூன்றுக்கும் ஆம். ரீஃபண்ட் இரண்டுக்கு ஆம். ஆனால் அந்த வேலை இன்னும் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது. மற்றவை ஒன்றைத் தாண்டாது.

நான் சொல்கிறேன் என்பதற்காக இதை ஏற்க வேண்டாம். ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: என்ன வேலை, எவ்வளவு நேரம், யாருக்காகக் காத்திருந்தேன், திரும்பி வந்ததா. இரண்டு வாரம் குறித்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் பிரிவுக்கு அது ஏமாற்று. 1-ம் தேதியில் தொடங்கி 14 வரை குறித்தால் பில் பதிவதுதான் உங்கள் பெரிய தலைவலி என்று தோன்றும். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன்), 14-ம் தேதி 2பி, 20-ம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) என்று ஒரு சுற்று முழுதாக வந்தால்தான் உண்மை தெரியும். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ‘இந்த பில் இல்லை’ என்று எத்தனை முறை திரும்பி வந்தது என்ற கணக்கு மேனேஜரிடம் பேசும்போது உதவும்.

அவரிடம் பேசும்போது “நான் எதைக் கத்துக்கட்டும் சார்?” என்று கேட்காதீர்கள். அதற்கு “கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ணுங்க” என்ற பதில்தான் எல்லா ஆபீஸிலும் வரும். “இந்த ஆறு மாசத்துல என் டேபிள்ல எது மாறினா உங்களுக்குத் தலைவலி குறையும்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் நோட்டு சொல்வதும் ஒன்றாக இருந்தால் எழுதிவிடலாம். வேறாக இருந்தால் நோட்டைக் காட்டுங்கள். அதன் பிறகும் அவர் மாறவில்லையென்றால் அவர் சொன்னதை எழுதுங்கள், 2பி வேலையைச் சொல்லாமல் செய்யுங்கள். அப்ரைசலில் மார்க் போடுவது அவர்தான்.

இனி வேலைக்கு வருவோம். ‘எக்செல் கற்பது’ என்று எழுதினால் முடிவே கிடையாது. ‘2பி ஒப்பீடு’ என்று எழுதினால் எக்செலில் எது வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: பவர் கொயரி, அதாவது பட்டியல்களைச் சுத்தம் செய்து இணைக்கும் வசதி. எக்செல் 2016-லிருந்து ‘டேட்டா’ டேபிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். யூட்யூபில் எக்ஸ்லுக்கப்பை (ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபார்முலா) காட்டுவார்கள்; 2016, 2019 பதிப்புகளில் அது கிடையாது. பழைய வீலுக்கப் ஃபார்முலாவிலேயே சமாளிக்கலாம் என்றால் அதற்கும் ஒரு குறை உண்டு. ஒரே பில் நம்பர் இரண்டு சப்ளையரிடம் இருந்தால் முதலில் கண்ணில் பட்டதைத்தான் அது எடுத்துத் தரும். திருப்பூரில் டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் யூனிட்டுகள் எல்லாம் 1, 2, 3 என்றே பில் போடும்போது இது தினப்படி நடக்கும்.

எனவே பில் நம்பரை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். சப்ளையரின் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, சுத்தம் செய்த பில் நம்பர், இந்த மூன்றையும் ஒட்டி ஒரு சாவி உண்டாக்குங்கள். டேலி பர்ச்சேஸ் ரெஜிஸ்டரிலும் 2பி ஷீட்டிலும் ஒரே மாதிரி. சுத்தம் செய்வது என்றால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, இடைவெளி, கோடு, சாய்கோடு நீக்கி, முன்னால் இருக்கும் சைபர்களை எடுப்பது. நிதியாண்டை ஏன் தனியாக வைக்கிறோம் என்றால், ஒரு சப்ளையரின் பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள்தான் திரும்ப வராது என்பது விதி. ஏப்ரலில் பலர் மறுபடி 1-லிருந்து ஆரம்பிப்பார்கள்.

மூன்று இடத்தில் கை சுடும். முதலாவது, பவர் கொயரிக்குள் ஃபைலை ஏற்றியதும் ‘சேஞ்ச்டு டைப்’ என்ற படி தானாக வந்து உட்காரும். ‘007’ஐ அது 7 ஆக்கும். ‘3-24’ போன்ற பில் நம்பரைத் தேதியாக்கிவிடும். அந்தப் படியை நீக்கிவிட்டு பில் நம்பர் பத்தியை டெக்ஸ்ட் என்று நீங்களே வையுங்கள். சி.எஸ்.வி. ஃபைலை நேராக எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்து சேமித்தாலும் இதே கதிதான், அதற்குப் பிறகு திரும்பக் கிடைக்காது. இரண்டாவது, கோடுகளை நீக்கும்போது ‘1/23’ என்பதும் ‘12/3’ என்பதும் ‘123’ ஆகிவிடும். சாவி பொருந்திவிட்டது என்று விடாமல் வரித் தொகையையும் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் ரவுண்ட் ஆஃப், அதற்கு மேல் என்றால் பார்க்க வேண்டிய பில். மூன்றாவது, போர்ட்டலிலிருந்து வரும் 2பி ஷீட்டில் மேலே சில வரிகள் தலைப்பாகவும் இணைத்த கட்டங்களாகவும் இருக்கும். அவற்றை முதல் படியிலேயே எடுத்துவிட்டு, பத்திகளுக்கு நீங்களே பெயர் வைத்துவிடுங்கள்.

பிறகு இரண்டு பட்டியலையும் ‘மெர்ஜ்’ செய்யும்போது ‘ஃபுல் அவுட்டர்’ தேர்ந்தெடுங்கள். வேறெதை எடுத்தாலும் ஒரு பக்கத்துப் பில்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். முடிவில் மூன்று குவியல் கிடைக்கும்: இரண்டிலும் இருப்பது, நம் புத்தகத்தில் மட்டும் இருப்பது, 2பியில் மட்டும் இருப்பது. அடுத்த மாதம் ஃபைல்களை மாற்றி ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தினால் அதே படிகள் தானாக ஓடும். டேலி பிரைமின் புதிய பதிப்புகளிலேயே 2பி ஒப்பிடும் வசதி உண்டு. உங்கள் ஆபீஸில் அது இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு ஒப்பீடுதானே தவிர பவர் கொயரி இல்லை. பொருந்தாத பில்களை எப்படிப் படிப்பது என்பது இரண்டு வழியிலும் உங்கள் வேலைதான்.

உங்கள் ஏழு வருட அனுபவம் பேசுவதும் அங்கேதான். பையன் எக்செலில் வேகம் என்கிறீர்கள். குவியலை அவன் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு டையிங் யூனிட்டின் பில் 2பியில் வரவில்லையென்றால் அது ஏன் என்று அவனுக்குத் தெரியுமா? அந்த யூனிட் ஐந்து கோடிக்குள் டேர்ன் ஓவர் உள்ள, காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் யூனிட்டாக இருக்கலாம். அப்படியென்றால் முதல் இரண்டு மாத பில்களை அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். (காலாண்டுக்காரர்கள் இடையில் பில்லை மட்டும் ஏற்றும் வசதி) வழியாக ஏற்றினால்தான் உங்கள் 2பிக்கு வரும். ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்த பிறகுதான். அது தப்பு இல்லை, தாமதம். அவரிடம் சண்டை போடாமல், “ஐ.எஃப்.எஃப்.ல ஏத்திடுங்கண்ணா” என்று 8-ம் தேதி வாக்கில் ஒரு வாட்ஸ்அப் போட்டால் தீர்ந்தது. இன்னொருவர் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணையே போடாமல் பதிவில்லாத வாடிக்கையாளர் கணக்கில் காட்டியிருப்பார். அவர் ரிட்டர்னைத் திருத்த வேண்டும். இன்னொரு இடத்தில் பில் நம்பருக்குப் பதில் டெலிவரி சலான் நம்பரை உங்கள் பக்கமே பதிந்திருப்பீர்கள். மாதக் கடைசியில் பில் போட்டு, சரக்கு அடுத்த மாதம் 3-ம் தேதி வந்த கதையும் இருக்கும்.

ஆகவே மூன்று குவியலோடு நிறுத்தாமல், பொருந்தாத ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: சப்ளையர் போடவில்லை, காலாண்டு ரிட்டர்ன், எண் தவறு, நம் பதிவுப் பிழை, அடுத்த மாதம். இந்தக் காரணப் பத்தி யாரிடமும் ரெடிமேடாகக் கிடைக்காது. மேனேஜருக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் எந்தப் பணம் தானாக வரும், எதற்கு ஆளைப் பிடிக்க வேண்டும் என்று அது சொல்லும். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு ஐ.டி.சி. (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) எடுக்க அடுத்த நவம்பர் 30 வரைதான் அவகாசம். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவும் இல்லை. செப்டம்பரில் இந்தப் பட்டியலைத் தேடி அலையும் கம்பெனிகள் நிறைய.

ஒரு சின்ன விஷயம். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் ஐ.எம்.எஸ். என்ற பகுதி வந்திருக்கிறது. சப்ளையர் பில்லை ஏற்றியவுடன் அங்கே தெரிந்துவிடும். மாத ரிட்டர்ன் போடுகிறவர்கள் 11-ம் தேதிக்குள் போட்டுவிடுவதால், 12-ம் தேதியே ஒரு சுற்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 14 வரை காத்திருந்து ஆறு நாளில் எல்லாவற்றையும் அமுக்குவதால்தான் ஒன்பது மணி ஆகிறது.

இதை எப்போது கற்பது? புதிய ஃபைலை 14-ம் தேதி மாலையில் முதல் தடவையாகத் திறந்தால் நிச்சயம் கைவிடுவீர்கள். 21-ம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைதான் உங்களுக்கு மூச்சு விட நேரம். அந்த நாட்களில் காலையில் முக்கால் மணி நேரம். மூன்று மாதம் என்றால் நிஜமான சுற்று மூன்றுதான் வரும், அது பழக்கத்துக்குப் போதாது. ஆனால் பழைய மாதங்களின் 2பியைப் போர்ட்டலிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். போன வருடத்தின் ஒவ்வொரு மாதத்தையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் கையால் செய்த விடை ஏற்கெனவே இருப்பதால் தப்பு எங்கே என்று உடனே தெரியும். முதல் இரண்டு நிஜ மாதங்களுக்குப் பழைய முறையும் புது முறையும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டு மொத்தமும் ஒத்துப்போன பிறகுதான் பழையதை விட வேண்டும். வேலை கூடும்தான். ஆனால் 3பியில் ஐ.டி.சி.யை அதிகமாக எடுத்து, வட்டியோடு திருப்பிக் கட்டுவதைவிட அது மலிவு.

படிவத்தைக் கொடுக்கும்போதே மூன்று அனுமதி கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இலக்கு அன்றைக்கே படுத்துவிடும். போர்ட்டலில் 2பியை நீங்களே இறக்கும் வசதி முதலாவது. பல ஆபீஸ்களில் லாகினும் ஓ.டி.பி.யும் ஆடிட்டரிடம் இருக்கும், ஃபைல் மெயிலில் வருவதற்கே 16-ம் தேதி ஆகும். டேலியில் எக்ஸ்போர்ட் உரிமை இரண்டாவது. 21-க்குப் பிறகான அந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற வாய்வார்த்தை மூன்றாவது.

கட்டத்தில் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: “மூன்றாவது மாத முடிவிலிருந்து, 14-ம் தேதி வரும் 2பியை 16-ம் தேதி மாலைக்குள் ஒப்பிட்டு, பொருந்தாத பில்களைக் காரணம், வரித் தொகை வாரியாக மேனேஜரிடம் கொடுப்பது. இப்போது இதற்கு ஆகும் நாள்: ஆறு.” கடைசி வரியை மறக்காதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் எத்தனை பில் பொருந்தவில்லை, அதில் வரி எவ்வளவு என்பதையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தொடங்கிய இடத்தைக் குறிக்காதவர் எவ்வளவு முன்னேறினாலும் அப்ரைசலில் ‘பரவாயில்லை’ என்ற மார்க்தான் கிடைக்கும்.

உங்கள் பட்டியலில் மீதி இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரீஃபண்ட் இரண்டாவது இலக்கு, அதுவும் தானாகவே வரும். எல்.யு.டி.யில் (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதித் தரும் உறுதிமொழி) ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குச் சேர்ந்து நிற்கும் ஐ.டி.சி.யைத்தான் ஆர்.எஃப்.டி.-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பத்தில் கேட்கிறோம். 2பியில் வராத பில்லுக்கு அங்கே இடமில்லை. எனவே 2பி சுத்தமாக இருந்தால் ரீஃபண்டில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன் பிறகு ஷிப்பிங் பில், ஈ.ஜி.எம். (சரக்கு கிளம்பியதைக் காட்டும் அறிக்கை), இன்வாய்ஸ் மூன்றையும் வரிசைப்படுத்தும் ஷீட்டை ஆடிட்டர் ஆபீஸிடமிருந்து கேட்டு வாங்கி நீங்களே நிரப்பத் தொடங்கலாம். அடுத்த வருடப் படிவத்துக்கு அது.

சி.எம்.ஏ. இன்டரைப் படிவத்தில் எழுதவே எழுதாதீர்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டதாரி என்பதால் நேராக இன்டரில் சேரலாம். இரண்டு குரூப், குரூப்புக்கு நான்கு பேப்பர். பேப்பருக்கு 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம். நான்கிலும் 45 வாங்கினாலும் தேறாது என்பதைக் கவனியுங்கள். ஏழு வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொடுகிறவர் ஒரு குரூப்பில் தவறுவது சாதாரணம். ஆனால் படிவத்தில் எழுதியிருந்தால் அது ஆபீஸில் தோல்வியாகப் பதிவாகும். அது வீட்டில் பேசி எடுக்க வேண்டிய முடிவு, மேனேஜரிடம் அல்ல. ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை. 2பி வேலை உங்கள் மாலைகளைத் திருப்பித் தந்த பிறகு அந்த மாலைகளை இதற்குக் கொடுக்கலாம்.

இங்கிலீஷ் என்று பொதுவாக எழுதாதீர்கள். எங்கே மாட்டுகிறது? பையர் மெயிலை மெர்ச்சண்டைசர் பார்த்துக்கொள்கிறார். சப்ளையரிடம் தமிழில்தான் பேசுகிறீர்கள். மிச்சம் பேங்கும் ஷிப்பிங் ஏஜென்ட்டும் ஆடிட்டர் ஆபீஸும். அங்கே திரும்பத் திரும்ப அனுப்பும் மெயில்கள் ஐந்தாறு வகைக்கு மேல் இருக்காது. நல்லதாக எழுதித் திருத்தி ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டால் போதும். தன்னைத் தானே அறிமுகம் செய்யப் பழக்கும் மூன்று மாத வகுப்பு இதற்கு உதவாது. பவர் பி.ஐ.யை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் ஆபீஸில் டாஷ்போர்டைத் திறந்து பார்க்கப் போவது யார் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

டீம் லீடர் ஆவதற்கு எந்த வகுப்பும் கிடையாது. மூன்றாவது மாதம் முடிந்ததும் நீங்கள் செய்யும் முறையை இரண்டு பக்கத்தில் எழுதி, அந்தப் பையனை உட்கார வைத்து ஒரு மாத ஒப்பீட்டை அவன் கையால் செய்ய வையுங்கள். ஃபைலில் ஏதாவது உடைந்தால் அவனிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். அவனுக்கு வேகம் தெரியும், உங்களுக்குப் பில் தெரியும்.

இந்த வரிசை எப்போது மாறும்? ஆறு மாதத்துக்குள் வேறு கம்பெனிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ரீஃபண்டை முன்னால் கொண்டு வாருங்கள். ஏற்றுமதி கம்பெனி இன்டர்வியூவில் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள். உங்கள் நோட்டில் டி.டி.எஸ்.ஸோ வேறொன்றோ அபராதம் கட்டும் அளவுக்குப் பிழையாக வந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, அதற்கு இலக்கு என்ற பெயர்கூட வேண்டாம்.

18,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். மூன்று சுற்று முடியட்டும். அப்போது எது தெரியவில்லை என்று உங்களுக்கே குறிப்பாகச் சொல்லத் தெரியும். அதன் பிறகும் சேர நினைத்தால் பணம் கட்டும் முன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் சொந்த ஃபைலைக் கொண்டு வந்து, பெயர்களை மறைத்து, வகுப்பில் போட்டுப் பார்க்கலாமா? ஏற்றுமதி ரீஃபண்ட் பாடத்தில் உண்டா, உள்ளூர் வியாபார ரிட்டர்ன் மட்டும்தானா? 11-லிருந்து 20 வரை வர முடியாத வகுப்புகளை ஈடு செய்வீர்களா? மூன்றாவதற்கு ‘ரெக்கார்டிங் பார்த்துக்கோங்க’ என்று பதில் வந்தால் அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ரெக்கார்டிங் யூட்யூபில் இலவசமாகவே கிடைக்கிறது.